மறுபடியும் முதலாம் ஆண்டு

முப்பத்தொரு வயதில் ஒருவன் முதலாம் ஆண்டு வகுப்பில் போய் உட்காருவதென்றால், முதல் சிக்கல் எங்கே உட்காருவது என்பதுதான். முன் பெஞ்சில் உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குப் பலகை மறைக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால், போன தடவை அங்கே உட்கார்ந்துதான் கெட்டோம் என்பது நினைவுக்கு வரும். நடுவில் உட்காரலாமென்றால், நடுவில் இருப்பதெல்லாம் நண்பர்கள் நண்பர்களுக்காகப் புத்தகம் போட்டுப் பிடித்து வைத்த இடம். மீட்டர்காரன் வாசலில் நின்று இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வுக்கூடத்து ஊழியர் வந்து தோளைத் தட்டினார்.

"வந்துட்டீங்களா? மூணு நாளா ஆபீஸ்ல சொல்லிட்டிருக்கேன். பின்பக்கக் குழாய் ஒழுகுது, வாங்க."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ரீடிங் எடுப்பது அவன் வேலை. கல்லூரியின் மதியப் பிரிவு ஒன்றரைக்குத் தொடங்கும். உடை மாற்ற நேரமில்லாமல் குடிநீர்த் துறையின் நீலச் சட்டையோடும், பையில் துருத்திக்கொண்டிருந்த டார்ச்சோடும் வந்துவிட்டான். "நான் இங்க படிக்க வந்திருக்கேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. போய்ப் பார்த்தான். வாஷர் தேய்ந்திருந்தது. துணியைச் சுற்றி, முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் வருகைப்பதிவு முடிந்துவிட்டது. கல்லூரி வாழ்க்கையை மறுபடி தொடங்கிய முதல் நாளே ஆப்சென்ட்.

ஊருக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் சொல்வதற்குத்தான் அவனுக்கு ஆள் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிட்டால் பாதிக் கதை முடிந்துவிடும்.

அவனுக்கு இருப்பது ஒரே ஓர் அக்கா. எட்டு வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவனைப் பார்த்துக்கொண்டது அவள்தான். ரெடிமேட் துணிக்கடையில் பேன்ட் சட்டைகளை அளவு குறைத்துத் தைத்துக் கொடுக்கும் வேலை. அவனுடைய பதினெட்டாவது வயதில், கல்லூரி விண்ணப்பம் கொடுக்கிற அன்று, அவளும் கூட வந்தாள். பாடத்துக்கு ஒரு வரிசை. எல்லா வரிசையும் வாசல் தாண்டி நின்றது. கடை திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. அக்கா இப்படியும் அப்படியும் பார்த்தாள், எது சின்ன வரிசையோ அதில் தம்பியை இழுத்துக்கொண்டு போய் நின்றாள். அது வேதியியல் வரிசை. இப்படியும் ஒருவன் தலையெழுத்து எழுதப்படுமா என்று கேட்காதீர்கள். எழுதப்பட்டது.

இரண்டு வருடம் போனான். ஆய்வுக்கூடத்தில் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து விடையை எழுதுவான், பிறகு விடைக்கு ஏற்ற மாதிரி ரீடிங்கை எழுதுவான். தேர்வில் பக்கத்துப் பையன் கிடையாதே. சராசரி நாற்பத்தொன்று. மதிப்பெண் பட்டியல் வந்த ஒவ்வொரு முறையும் அதை மடித்துப் பரணில் செருகினான். மூன்றாம் வருடம் போகவேயில்லை. அக்கா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். "நான்தானே உன்னை அந்த வரிசையில நிக்க வெச்சேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! அவள் அப்படிச் சொல்வதைக் கேட்பதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அக்காவுக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது, முப்பத்திரண்டில். மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்கு வேறு துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது, ரயிலில் ஒன்றரை நாள் தூரம். அங்கே குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள், இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் கடல். அக்கா போகவில்லை. "இவன் ஒரு வழிக்கு வரட்டும், வர்றேன்" என்றாள். மாமா வருடத்துக்கு இரண்டு தடவை வந்து, பத்து நாள் இருந்து, போனார். கடலை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

சரி, மீட்டர்காரனுக்குத் திடீரென்று படிப்பு ஏன் ஞாபகம் வந்தது? ரீடிங் எடுக்கிற தெருக்களில் மாதம் ஒரு முறை குழாய்த் தண்ணீரைச் சின்னப் பாட்டிலில் பிடித்துத் துறையின் ஆய்வகத்தில் கொடுப்பதும் அவன் வேலை. ஜன்னல் வழியாகக் கொடுக்க வேண்டும், உள்ளே போகக்கூடாது. உள்ளே வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் அந்தத் தண்ணீரில் ஏதோ ஒரு சொட்டு விடுவார்கள், நிறம் மாறும், எழுதிக்கொள்வார்கள். பத்து வருடம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்து, அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது. விசாரித்தான். அந்த ஆய்வக வேலையில் துறை ஆட்களுக்கென்றே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேதியியல் பட்டம், அறுபது சதவீதம், வயது முப்பத்தைந்துக்குள்.

பல்கலைக்கழக அலுவலகத்துக் குமாஸ்தா அவனுடைய பழைய பட்டியல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரைத் தட்டினார்.

"மூணாம் வருஷத்துல நேராச் சேரலாம். விதி இருக்கு. ஆனா ரெண்டு வருஷம் நாற்பத்தொண்ணு நாற்பத்தொண்ணா வெச்சிருக்கீங்க. மொத்தத்துல அறுபது வரணும்னா, கடைசி வருஷம் தொண்ணூத்தெட்டு வாங்கணும். வாங்குவீங்களா?"

"இல்லன்னா?"

"பழசையெல்லாம் ரத்து பண்ணிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். மூணு வருஷம். பழைய மார்க்கு ஒண்ணுகூடக் கணக்குல வராது."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டான். தன் வாழ்க்கையில் அவனாகவே தேர்ந்தெடுத்து நின்ற முதல் வரிசை அது. அக்காவிடம் சொல்லியே தீர வேண்டும் என்று பஸ் பிடித்துக்கூட வராமல் வேகமாக நடந்தே வந்தான். கதவைத் தள்ளும்போது அக்கா போனில் இருந்தாள்.

"ஆமாங்க, போய்ச் சேர்ந்துட்டான்! மூணாம் வருஷம் ஒண்ணுதானே பாக்கி. ஒரே வருஷம் பொறுத்துக்கோங்க, வந்துடறேன். இல்லங்க, சத்தியமா இந்தத் தடவை வந்துடறேன்."

அவள் குரலில் அப்படியொரு சிரிப்பை அவன் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. மூன்று வருடம் என்று சொன்னால் மூன்று வருடமும் இங்கேயே இருப்பாள், அந்த ரகம் அவள். சொல்ல வந்ததை மென்று முழுங்கினான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பொய் சொல்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. புத்தகங்களில் "முதலாம் ஆண்டு" என்று இருந்த அட்டையெல்லாம் செய்தித்தாளுக்குள் போனது. "மூணாம் வருஷம் கஷ்டமாடா?" என்று அக்கா கேட்பாள். "பழகிடும்" என்பான். ஐந்தரை மணிக்கே எழுந்து மதியத்துக்கும் சேர்த்து டப்பாவில் கட்டிக் கொடுப்பாள். அவன் அதைக் கல்லூரிச் சைக்கிள் நிறுத்தத்தில் நின்றபடியே சாப்பிடுவான். கேன்டீனில் உட்காரலாம்தான். நான்கு நாற்காலி மேசையில் தனியாக ஒருவன் உட்கார்ந்தால் மற்ற மூன்று நாற்காலியையும் பிள்ளைகள் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

வகுப்பில் முப்பத்து மூன்று பேர். ஆய்வுக்கூடத்தில் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். மிச்சம் ஒன்று யார் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. ஆளைக் கண்டால் வழிவிடுவார்கள், சில பேர் எழுந்தே நின்றுவிடுவார்கள். அதுதான் கொடுமை. திட்டினால் திருப்பித் திட்டலாம், மரியாதையை என்ன செய்வது? ஒருநாள் ஒன்றரை மணிக்கு வந்து உட்கார்ந்தான். ஒருவரையும் காணோம். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் காலிப் பெஞ்சுகளோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். மறுநாள் முன் பெஞ்சில் இருக்கும் ரெட்டைச் சடைக்காரப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! நேத்து லீவுன்னு குரூப்ல போட்டோமே! அங்கிள், நீங்க வாட்ஸ்அப்ல இருக்கீங்களா?"

அங்கிள்! முப்பத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு இது தேவையா? ஆனாலும் நம்பரைக் கொடுத்தான். அவளும் சேர்த்துவிட்டாள். "வேதியியல் முதலாமாண்டு வெறியர்கள்" என்று குரூப்புக்குப் பெயர். அக்கா கண்ணில் பட்டால் தொலைந்தான். சத்தம் வராமல் செய்து, செய்திகள் திரையில் தெரியாமல் மறைத்து வைத்தான். முப்பத்திரண்டு பேர் நாளெல்லாம் அதில் கிண்டலும் கேலியுமாகக் கொட்டினார்கள். அவன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படிப்பான். சில நாள் தனக்குள் சிரித்தும் கொள்வான். ஒரு வரி எழுதியதில்லை.

"எப்பப் பார்த்தாலும் போன்தானா? ஆபீஸ் மெசேஜா? என்னடா அப்படிச் சிரிப்பு?" என்று அக்கா கேட்டாள்.

"புதுசா வந்தவங்க. சின்னப் பசங்க" என்றான். அது ஒன்றுதான் அந்த வருடம் அவளிடம் சொன்ன உண்மை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனை யாரும் அசைக்க முடியவில்லை. பத்து வருடம் மீட்டர் பார்த்த கண். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூட்டியிருந்த ஒரு வீட்டுக்குக் குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதிவிட்டு, அந்த வீட்டம்மாவிடம் தெருவே கேட்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அன்றிலிருந்து கண்ணில் பட்டதை மட்டுமே எழுதுவது என்பது அவனுக்கு எலும்பில் ஊறிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறியதும் அளவைக் குறிக்க வேண்டும். வகுப்பு முழுக்க 18.2 என்று எழுதியது. சீனியர் நோட்டில் அப்படித்தான் இருந்தது. அவனுக்கு 19.6 வந்தது. மூன்று முறை செய்தான், மூன்று முறையும் அதேதான். முகம் சுண்டிப்போய் அதையே எழுதிக் கொடுத்தான்.

பாடம் எடுக்கும் மேடம் அவனைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். நோட்டுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னைக்குக் காலையில நான் புதுக் கரைசல் போட்டேன். அது தெரிஞ்ச ஒரே ஆள் இவர்தான்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனான். கதவைத் திறந்த அக்கா "என்னடா, முகமெல்லாம் பல்லா இருக்கு?" என்றாள். என்னவென்று சொல்வது? மூன்றாம் வருடத்துக்காரன் முதல் வருடச் சோதனையைச் சரியாகச் செய்ததற்கா பல்லைக் காட்டுவான்? "ஒண்ணுமில்ல, பசி" என்று சொல்லிக் கை கழுவப் போனான்.

வருடம் ஓடியது. அக்கா கடையில் வேலையை விட்டாள். தையல் மெஷினைக் கழற்றிச் சாக்கில் கட்டி முன்கூட்டியே அனுப்பிவிட்டாள். டிக்கெட் போட்டாயிற்று. அவள் கிளம்புவதற்கு எட்டு நாள் இருக்கும்போது மதிப்பெண் பட்டியல் வந்தது.

அறுபத்தெட்டு சதவீதம்.

அவன் அதைப் படிக்கட்டில் நின்று பார்த்தான், பிறகு வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தான். பிள்ளைகள் அங்கங்கே கட்டிப்பிடித்துக்கொண்டும் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். அவனும் போனை எடுத்தான். அக்கா பெயர் வரை போய் நிறுத்திவிட்டான். பட்டியலின் தலையில் தடித்த எழுத்தில் "முதலாம் ஆண்டு" என்று இருந்தது. வாங்கிய மோசமான மார்க்கையெல்லாம் ஒளித்தாயிற்று. இப்போது நல்ல மார்க்கு, இதையும் ஒளிக்க வேண்டும். ஊமை கண்ட கனவு என்பார்களே, அதுதான். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

"ரிசல்ட் என்னடா?" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றுவதற்குள்.

"பாஸ்."

அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது. மாமாவுக்குப் போன். கீழ் வீட்டுக்காரர் வந்து கையைக் குலுக்கினார், "பட்டதாரி சார்" என்றார். மாமா போனில், "பெரிய மனுஷன் ஆயிட்ட மாப்ள. உங்கக்கா மனசு இப்பத்தான் ஆறும்" என்றார். அவனுக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. "மார்க்கு ஷீட்டைக் காட்டேன்" என்று அக்கா கேட்டபோதெல்லாம், இன்னும் கொடுக்கவில்லை, கையெழுத்தாகவில்லை, அடுத்த வாரம் என்று சாக்குச் சொன்னான். எட்டு நாளும் அந்தப் பட்டியல் அவன் தோள்பையில், ரீடிங் நோட்டுக்கு அடியில், தெருத்தெருவாக அவனோடு நடந்தது.

ஞாயிறு மதியம் ரயில். நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். இருவரும் பிளாட்பாரத்தில் அக்காவின் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மாத்திரை எங்கே இருக்கிறது, எந்த சுவிட்ச் ஷாக் அடிக்கும், பால்காரரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். நாற்பது நிமிடம் இல்லாமலிருந்தால் அவன் தாக்குப் பிடித்திருப்பான். இருபதாவது நிமிடத்தில் பையைத் திறந்து, பட்டியலை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டான்.

அக்கா கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"முதலாம் ஆண்டுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

சொன்னான். குமாஸ்தா, தொண்ணூற்றெட்டு, கையெழுத்து, அன்று கதவைத் தள்ளும்போது கேட்ட போன் பேச்சு எல்லாவற்றையும் சொன்னான். இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது என்பதையும் சொன்னான்.

"ஏன்டா மறைச்ச?"

"சொன்னா நீ போக மாட்டியே அக்கா."

அக்கா பட்டியலை மடித்தாள். அவனுடைய வலது கை பெட்டியின் கைப்பிடிக்குப் போய்விட்டது. அவள் எழுந்து "வாடா வீட்டுக்கு" என்று சொல்லப்போகிறாள். அவனுக்குத் தெரியும், முப்பத்தொரு வருடமாக அவளைத் தெரியும். அதற்குப் பயந்துதான் ஒரு வருடம் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். இப்போது அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் அதைச் சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தான்.

"நீ போன வாரம் சொல்லியிருந்தா இருந்திருப்பேன்" என்றாள் அக்கா. கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டு வருஷமும் இருந்திருப்பேன். இருந்துக்கிட்டு, தினமும் மனசுக்குள்ள உன்னைச் சபிச்சிருப்பேன். எனக்கு நாற்பது ஆகப்போகுதுடா. அந்த மனுஷன் நாலு வருஷமா எனக்குக் கடலைக் காட்டிக்கிட்டே இருக்காரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பொய் சொன்ன பாரு, நல்லதாப் போச்சு."

ரயில் வந்தது. கைப்பிடியில் இருந்த அதே கையால்தான் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். கீழே இறங்கி ஜன்னலுக்கு வந்தான். அக்கா ஏதேதோ சொன்னாள், சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அவன் பயந்தது நடக்கவில்லை. அதுதான் அவனுக்கு அப்படி வலித்தது.

வீட்டுப் பூட்டைத் தானே திறந்து உள்ளே போய், பையைக் கொட்டிப் பார்த்தபோதுதான் பட்டியலைக் காணோம் என்று தெரிந்தது. போன் போட்டான்.

"அக்கா, அந்த ஷீட்டு..."

"என்கிட்டதான் இருக்கு."

"அது ஒரிஜினல் அக்கா. நாளைக்கு ரெண்டாம் வருஷத்துக்குப் பதிவு பண்ணணும்."

"தெரியும்டா. பின்னே உங்க மாமாகிட்ட நகலையா காட்டுவாங்க? பக்கத்து சீட்டம்மா கூடப் பார்த்தாங்க. பிசிக்ஸ்ல மட்டும் ஏன் அம்பத்தெட்டுன்னு கேக்கறாங்க, என்ன சொல்ல?" சிக்னல் போய்விட்டது.

திங்கட்கிழமை மதியம் அலுவலக ஜன்னலில் வரிசையில் நின்றான். நல்ல நீளமான வரிசை. முன்னும் பின்னும் பதினெட்டும் பத்தொன்பதும். அவன் முறை வந்ததும் உள்ளே இருந்த பெண் கையை நீட்டினார்.

"ஒரிஜினல்?"

"இல்லைங்க. டூப்ளிகேட் வேணும்."

"தொலைஞ்சாத்தான் டூப்ளிகேட். போலீஸ்ல புகார் குடுத்தீங்களா?"

"எங்க அக்கா மேலயா?"

அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் ஒரு படிவத்தை எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினார். "என்ன ஆச்சுன்னு அதுல எழுதிக் குடுங்க. ஏத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது."

"மூலச் சான்று தொலைந்த விவரம்" என்று அச்சடித்து, கீழே நான்கு கோடு விட்டிருந்தார்கள். அவன் பேனாவை எடுத்தான். மீட்டர் பார்த்து எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தில், நடந்தது என்னவோ அதை மட்டும் எழுதினான்.

"தொலையவில்லை. அக்கா எல்லோரிடமும் காட்டுவதற்காக எடுத்துப் போயிருக்கிறார்."